காக்கித் துண்டு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் தையல்காரம்மாவின் ஊசி முறியட்டும். காலை வெயில் அவளுடைய மெஷின்மேல் விழுகிறது. எதிரே இன்ஸ்பெக்டர் கால்மேல் கால் போட்டு, டிரைவர் வேலை பார்க்கும் மகனை அவள் வளர்த்த லட்சணத்தை விசாரிக்கிறார். "அப்பன் குடிப்பானா?" "இருமல் மருந்து குடிப்பாரு." "பையன் சின்ன வயசுல திருடுவானா?" "என் தூக்கத்தைத் திருடினான், எழுதிக்குங்க." ஏட்டு எழுதுகிறார். அடுத்த கேள்வி அவள் மிதிக்கும் மெஷினின் சத்தத்தில் அரைபடுகிறது. இன்ஸ்பெக்டர் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்துகிறார். "வாய் ரொம்ப நீளுது. கொள்ளைபோன வீட்டு முள்வேலியை இன்னிக்கு நானே ஏறிக் குதிச்சுப் பார்த்தேன். உன் பையனோட காக்கி பேண்ட்டுல கிழிஞ்ச துண்டு அதுல மாட்டியிருந்துச்சு. இது ஒண்ணு போதும், உள்ள தள்ள. வளர்ப்பு மாதிரியே தையலும் மட்டம்." காக்கித் துண்டு அவள் மடியில் வந்து விழுகிறது. அதை வெயிலில் பிடித்துப் பார்க்கிறாள். வளர்ப்பைப் பழித்தபோது வராத கோபம் இப்போது மூக்குநுனியில் ஏறுகிறது. "தையலைச் சொல்லாதீங்க. இந்த மடிப்பு நான் அடிச்சதுதான்." இன்ஸ்பெக்டர் சிரிக்கிறார். "எழுதுய்யா." "முழுசா எழுதச் சொல்லுங்க. போன மாசம் உங்க வீட்டம்மா கொண்டுவந்த பேண்ட்டு." ஏட்டின் பேனா நிற்கிறது. இன்ஸ்பெக்டரின் இடதுகால் மடிப்பில் நான்கு விரற்கடைத் துணி இல்லை.