முப்பத்தெட்டரை டிகிரி

லேப்டாப்பில் சூட்டைக் காட்டும் கோடு வழவழவென்று இருந்தது.

அங்கேதான் குட்டு உடைந்தது. இன்குபேட்டரில் ஹீட்டர் விட்டு விட்டு எரியும். கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். நேற்றுப் பகல் முழுக்க ரம்பத்தையே காணோம்.

அவன் லேப்டாப்பைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டான்.

மேஜைக்கு எதிரே பாவாயி நின்றாள். குஞ்சு பொரிப்பகத்தில் அவன் சூப்பர்வைசர். நேற்று இன்குபேட்டர் அறையில் அவளுக்குத்தான் வேலை.

நேற்றுக் கரண்டு போயிருக்கிறது. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. சூடு குறைந்தால் முதலாளியின் போன் அலறும். போன தடவை அலறியபோது ஒருத்திக்கு வேலை போயிற்று. அந்தப் பயத்தில் பாவாயி சூட்டை அளக்கும் சென்சாரை உருவித் தன் அக்குளில் வைத்துக்கொண்டிருக்கிறாள். முட்டைக்கு வேண்டிய சூடும் மனுஷ உடம்புச் சூடும் ஏறக்குறைய ஒன்றுதான்.

போன் சும்மா கிடந்தது. முட்டைகள் குளிர்ந்தன. இன்று காலை விளக்கு வைத்துப் பார்த்தால் அத்தனையும் கூமுட்டை.

சென்சாருக்குள் அரிசி அளவில் ஒரு சிப். வாட்ச் பேட்டரியிலேயே வருஷக்கணக்கில் ஓடும். பேட்டரியைப் பிடுங்கினாலும் எழுதி வைத்ததை மறக்காது.

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில்தான் அவன் கோட்டின் மேல் விரலை நகர்த்தினான்.

முப்பத்தேழு. முப்பத்தேழரை. முப்பத்தெட்டு.

முப்பத்தெட்டரை. காய்ச்சல் கணக்கில் நூற்றொன்றுக்கு மேல்.

பிறகு மெல்ல ஒரு சரிவு. மாத்திரை போட்டிருப்பாள். பிறகு மறுபடி ஏற்றம்.

விரல் நின்றது.

நேற்றுக் காலையில் அவள் இதே மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். மேலுக்கு முடியவில்லை, லீவு வேண்டும் என்றாள். அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. திங்கட்கிழமையானால் உங்களுக்கெல்லாம் காய்ச்சல் வந்துவிடும் என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பை நினைக்க இப்போது உடம்பு கூசியது.

போன் அடித்தது. முதலாளி.

"என்னப்பா, மெஷின் கோளாறா, ஆள் கோளாறா?"

ஆள் என்றால் அவளுக்கு வேலை போகும். கூடவே இந்தக் கோடும் வெளியே வரும். காய்ச்சல்காரியை வேலையில் நிறுத்தியது யார் என்ற கேள்வியும் வரும்.

"சென்சார் கெட்டுப்போச்சுங்க," என்றான்.

போனை வைத்ததும் சிப்பில் இருந்ததை அழித்தான். கோடு போயிற்று. எல்லாம் அவளுக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். ஒட்டவில்லை.

பாவாயி கும்பிட்டாள்.

"நீங்க நல்லா இருக்கோணுங்க சார். காத்தால மொதலாளி எங்கிட்டயும் துருவித் துருவிக் கேட்டாருங்க. காய்ச்சல்னு நான் மூச்சே விடலீங்க. சொன்னா, லீவு ஏன் குடுக்கலைன்னு உங்களையில்லீங்க வைவாரு?"

சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

அவனுக்கு முகம் எரிந்தது. ஓடிப்போய் அவளை நிறுத்த வேண்டும் போல இருந்தது. நிறுத்தி என்ன சொல்வது?

சிப்பில் இனி ஒன்றும் இல்லை. அவளும் சொல்லப்போவதில்லை. அந்தக் காய்ச்சலுக்கு அவன் ஒருவன்தான் சாட்சி.

வாசலில் முதலாளியின் கார் வந்து நின்றது.

சாட்சி சொல்ல அவன் எழுந்தான்.