முழங்கை வரை கடிகாரங்கள்

அணைக்கட்டின் மேலே எல்லாரும் ஏறிப் பார்த்துவிட்டு வரும்வரை தங்கநாயகி வேனில் பைகளுக்குக் காவல் இருந்தாள். யானை பார்க்கக் காட்டுக்குள் போகும் ஜீப்பில் இடம் போதாதபோதும் அவள்தான் இறங்கிக்கொண்டாள். அருவிக்கு வந்ததும் யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. பாறையில் உட்கார்ந்து இடது கையை நீட்டினாள். குளிக்கப் போகிறவர்கள் தங்கள் கடிகாரங்களை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அவளுக்குக் கட்டிவிட்டார்கள். மூக்குக்கண்ணாடிகளை முந்தானையில் முடிந்துகொண்டாள். செல்போன்கள் பைக்குள் போயின. “அண்ணி, குரங்கு வரும். எந்திரிச்சிராதீங்க” என்றாள் நாத்தனார்.

முதலில் குளித்துக் கரையேறியவன் அவள் கணவன் சென்னியப்பன். பாறைமேல் பையோடு இருந்த உருவத்திடம், “கண்ணாடியக் குடு புள்ள” என்று கையை நீட்டினான். கிட்டே போன பிறகுதான் அது குரங்கு என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தான். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு அருவி வெறும் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைக்குள் யாரோ இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு கை மட்டும் முழங்கை வரை மின்னியது.

“ஏம் புள்ள, எல்லாம் நனையுது பாரு!” என்று கத்தினான்.

கை இறங்கவில்லை.