தொண்ணூற்றாறு கிலோ

உடல் பருமன் கிளினிக்கின் மருந்துச் சீட்டுகளைத் தணிக்கை செய்ய வந்திருந்தாள் நாச்சியார். முந்நூறு சீட்டுகளிலும் அதே நான்கு மாத்திரைகள், அதே டாக்டர் அருணகிரியின் கையெழுத்து. வாசலில் இருக்கும் எடை இயந்திரத்தில் ஆள் ஏறியதும் நர்ஸ் எண்ணைக் கூவுவாள். நோயாளி நாற்காலிக்கு வருமுன்னே டாக்டர் எழுதி முடித்திருப்பார். முகத்தைப் பார்க்கமாட்டார்.

அந்த முந்நூறில் நாச்சியாரின் தங்கை தமயந்தியின் சீட்டும் இருந்தது. ரத்தப் பரிசோதனை இல்லாமலே தைராய்டு மாத்திரை. ஒன்பதாம் நாள், நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லிக்கொண்டே விழுந்தவள் எழவில்லை.

"நீங்க கொஞ்சம் ஏறுங்க சார். மிஷின் சரியாக் காட்டுதான்னு பாக்கணும்" என்றாள் நாச்சியார் டாக்டரிடம்.

அருணகிரி சிரித்துக்கொண்டே ஏறினார்.

"தொண்ணூத்தாறு!" என்று பழக்கதோஷத்தில் நர்ஸ் கூவினாள்.

அவர் வந்து உட்காருவதற்குள் நாச்சியார் தலை நிமிராமல் ஒரு சீட்டு எழுதியிருந்தாள். கிளினிக் அலமாரியிலிருந்தே அந்த நான்கு மாத்திரைகளையும் எடுத்து, தண்ணீர் தம்ளரோடு அவர் முன் வைத்தாள்.

"இப்பவே போட்டுக்கோங்க சார்."

அவர் சிரிப்பு நின்றது. "என்னம்மா, விளையாடறீங்களா? டெஸ்ட் ஒண்ணும் எடுக்காம இதை எப்படி முழுங்கறது? உயிரே போயிடும்."

நாச்சியார் தணிக்கை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், 'மருத்துவரின் விளக்கம்' என்ற கட்டத்தில், அவர் சொன்னதை ஒரு சொல் மாறாமல் எழுதினாள். பக்கத்தில் தமயந்தியின் சீட்டை வைத்தாள். பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுங்க சார்."