கீழ் வீட்டுச் சாக்கடை

"நம்ம சாக்கடையில கிருமி இருக்காம்!"

குடியிருப்புச் சங்கச் செயலாளர் கார் நிறுத்தும் இடத்தில் நின்று போட்ட சத்தத்தில் எல்லா மாடி ஜன்னல்களும் திறந்துகொண்டன. கொஞ்ச நேரத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கீழே இறங்கிவிட்டார்கள்.

"சாக்கடையில கிருமி இல்லாம சந்தனமா சார் இருக்கும்?" என்றார் ரிட்டயரான வங்கி மேனேஜர்.

"விளையாடாதீங்க சார். இப்ப ஊரையே ஆட்டிப் படைக்குதே, அந்தக் கிருமி!"

மேனேஜர் சட்டென்று முகமூடியை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டார்.

பாட்டிலும் கையுறையுமாக நின்ற சுகாதாரத் துறைப் பெண் நிதானமாகச் சொன்னாள். "தொற்று வந்தவங்க உடம்புல இருந்து கிருமி கழிவோட வெளியே வரும். அதனாலதான் தெருத்தெருவா சாக்கடைத் தண்ணி எடுத்துப் பார்க்கறோம். இந்தக் கட்டடத்துல யாருக்கோ இருக்கு. எல்லாரும் டெஸ்ட் எடுத்துக்கங்க, போதும்."

"யாருக்கோன்னா? யாருக்கு?"

"அது தெரியாது சார். ஆளைப் பிடிக்கறதுக்காக நாங்க இதைச் செய்யறதில்லை."

அவள் சொல்லி முடிப்பதற்குள் எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் திரும்பிவிட்டது. கீழ்த்தளத்தில், பின்பக்க வீட்டில் வாடகைக்கு இருக்கும் நர்ஸ் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். தோள் பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில இருந்து இங்க வேற யாரு வர்றா?" என்றாள் மூன்றாம் மாடி அம்மாள்.

"எனக்கு இல்லைங்க. நேத்துதான் டெஸ்ட் எடுத்தாங்க." நர்ஸ் செல்போனை நீட்டினாள். யாரும் கிட்டே போகவில்லை. சுகாதாரத் துறைப் பெண் மட்டும் வாங்கிப் படித்தாள்.

"இவங்களுக்கு இல்லைன்னுதான் சார் வந்திருக்கு."

"ரிப்போர்ட் என்ன வேணா சொல்லும். சாக்கடை பொய் சொல்லாது!" என்றார் செயலாளர். "அந்த வீட்டுக்குத் தனிக் குழாய்; பொதுச் சாக்கடையில சேர்றதுக்கு முன்னாடி தனித் தொட்டி. அதுல எடுத்துப் பாரும்மா."

அவள் முடியாது என்றாள். அவர் யாரோ ஒரு மேலதிகாரிக்குப் போன் போட்டார். அடுத்த நிமிஷம் அவள் போன் அடித்தது. பேசி முடித்தவள், முகம் சுருங்கிப்போய், பின்பக்கத் தொட்டியின் மூடியைத் தூக்கினாள்.

செயலாளர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இதுல மட்டும் இருக்கட்டும், அன்னைக்கே இவங்க வீட்டைக் காலி பண்ணணும். நான் கண்டிப்பான ஆளு. இந்த நோய்க்கு பயந்து பெத்த தாயையே தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டேன். எல்லாம் உங்களைக் காப்பாத்தத்தான்!"

கூட்டம் நெகிழ்ந்துபோனது.

"அம்மா சௌக்கியமா சார்?" என்றார் மேனேஜர்.

"இருப்பாங்க. அங்க என்ன குறை?"

நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சொல்லாமலே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு நாளில் முடிவு வந்தது. நர்ஸ் வீட்டுத் தொட்டியில்தான் கிருமி. அதுவும் கொஞ்சநஞ்சமில்லை.

மொத்தக் குடியிருப்பும் அவள் வாசலில் கூடிவிட்டது. "இப்ப என்ன சொல்றே?" என்றார் செயலாளர். 'நீங்க', 'வாங்க' எல்லாம் போயே போய்விட்டது.

சுகாதாரத் துறைப் பெண்தான் குழம்பிப்போனாள். "இவங்களுக்கு இல்லை. ஆனா இவங்க வீட்டுத் தொட்டியில இருக்கு. அப்படின்னா..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்படின்னா உள்ளே வேற யாரோ இருக்காங்க!" என்று கத்தினார் செயலாளர்.

"அடிப்பாவி! நோயாளியைக் கொண்டுவந்து ஒளிச்சு வெச்சிருக்கியா?" மூன்றாம் மாடி அம்மாள் நெஞ்சில் கை வைத்தாள்.

நர்ஸ் கதவை மறித்து நின்றாள். "ஆமா சார், இருக்காங்க. எங்க டாக்டருக்குத் தெரியும், வீட்டுலயே வெச்சுப் பார்க்கச் சொல்லிட்டார். இன்னும் நாலு நாள்ல சரியாயிடும். கெஞ்சிக் கேக்கறேன் சார். எல்லாரையும் போகச் சொல்லுங்க. நீங்க மட்டும் உள்ளே வாங்க."

"நான் மட்டும் எதுக்கு? எல்லாரும் பார்க்கட்டும்!"

அவளை ஒதுக்கித் தள்ளிவிட்டு அவரே கதவைத் திறந்தார்.

ஜன்னலோரக் கட்டிலில், நர்ஸின் தொளதொள நைட்டியைப் போட்டுக்கொண்டு, கஞ்சி டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தாள் செயலாளரின் அம்மா.

செயலாளரின் கை கதவிலேயே ஒட்டிக்கொண்டது.

நர்ஸ் தாழ்ந்த குரலில் சொன்னாள். "நீங்க அனுப்பும்போதே காய்ச்சல் இருந்திருக்கு சார். உங்க தங்கச்சி கதவையே திறக்கலையாம். போன வண்டியிலேயே திரும்பி வந்துட்டாங்க. மாடி ஏற பயந்துக்கிட்டு என் வாசப்படியில உக்காந்திருந்தாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

"போய்ச் சேர்ந்தாங்களான்னு நீங்க ஒரு போன்கூடப் போடலையா சார்?" மேனேஜர் நம்ப முடியாமல் கேட்டார்.

செயலாளர் "அம்மா..." என்று ஒரு அடி எடுத்து வைத்தார்.

அவள் பதறிப்போய்ப் போர்வையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உள்ளே வராதேடா கண்ணா! உனக்கு ஒட்டிக்கப் போகுது!"