பிரபுவின் தாடை

“போர்ச்சுகல் தேசத்தின் வரலாற்றில் இந்த நாள் பொன்னெழுத்துகளில் பொறிக்கப்படும். எல்லோரும் தொப்பியைக் கழற்றுங்கள்!”

டாக்டர் பல்தசார் முழங்கினார். எல்லோரும் என்றால் அவருடைய மகள் பெனடிட்டா, அவள் கட்டிக்கொள்ளத் துடிக்கும் ஜெஃபரினோ, அரண்மனையைச் சுற்றிக்காட்டும் இடலீனா அம்மாள், அப்புறம் புல்வெளியில் ஒரு மயில். தொப்பி போட்டிருந்தது டாக்டர் மட்டும்தான். கழற்றினார்.

ஊசி போடும் டாக்டர் இல்லை, சட்டம் படித்தவர். லிஸ்பனில் பட்டம் வாங்கியவரைக் காபிக் கடைக்காரர்கூட டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிடாத கடையில் அவர் காபி குடிப்பதில்லை.

குளத்தை ஒட்டி நீளமான சுவர். சுவர் முழுக்க நீலமும் வெள்ளையுமாக டைல்ஸ் சித்திரங்கள். நடுநாயகமாக, சுருள் முடி டோப்பாவும் சரிகைக் கழுத்துப் பட்டையுமாகக் குதிரை மேல் வீற்றிருந்தார் அரண்மனையைக் கட்டிய டோம் ஜெரோனிமோ பிரபு.

“பெனடிட்டா, அந்தத் தாடையைப் பாரு. இப்போ இதைப் பாரு.”

டாக்டர் பக்கவாட்டில் திரும்பி நின்றார்.

“டாக்டர், அந்தச் சித்திரத்துல ஒரு விஷயம்…” என்று ஆரம்பித்தாள் இடலீனா.

“நீங்க இருங்கம்மா. டைல்ஸ் கதையெல்லாம் அப்புறம். இது ரத்தம் பேசற நேரம்.”

பெனடிட்டா இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதே முன்தள்ளிய தாடை. அதே சப்பை மூக்கு. புருவத்துக்கடியில் குழிந்த அதே சின்னக் கண்கள். கன்னமெல்லாம் மண்டிய கிருதாகூட அதே. அப்பா வெறும் பல்தசாராக இருக்கும்போதே ஜெஃபரினோவை வீட்டு வாசலில் நிறுத்தித்தான் பேசுவார். பிரபு வம்சம் என்று உறுதியாகிவிட்டால் கல்யாணப் பேச்சை எடுக்கவே முடியாது.

“போன மாசம் ஒரு விருந்துக்கு வந்தப்போதான் பார்த்தேன். கண்ணாடியில பார்த்த மாதிரி இருந்துது. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கலை.”

“ரெண்டு தட்டு சாப்பிட்டீங்கப்பா.”

“அது கவலையில சாப்பிட்டது.” அவர் ஜெஃபரினோ பக்கம் திரும்பினார். “தம்பி, உன் வம்சம் என்ன?”

“அப்பா கருவாடு வித்தாருங்க. தாத்தாவும் கருவாடுதான். அதுக்கு மேல தெரியாது.”

“வாசனையிலேயே தெரியுது.” டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு அவன் அப்பா கடைக் கருவாட்டைத்தான் அவர் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அது வேறு விஷயம்.

“இப்போ நான் சொல்றதை நல்லாக் கேட்டுக்கோ. முகத்துல வம்சம் தெரியணும். டோம் ஜெரோனிமோ பிரபுவோட முகஜாடை உன்கிட்ட இருக்குன்னு காட்டு. அடுத்த ஞாயித்துக்கிழமையே மாதா கோயில்ல கல்யாணம். சட்டம் படிச்சவன் வார்த்தை, மாறாது. இடலீனாம்மா, நீங்க சாட்சி.”

“சாட்சி சொல்றேன் டாக்டர். ஆனா அந்த முகம்…”

“கம்பீரம்! அதானே சொல்ல வந்தீங்க? இருநூத்தம்பது வருஷமா மந்திரி, தளபதி எல்லாம் இந்த முகத்துக்கு முன்னாடி குனிஞ்சுதான் போயிருக்காங்க.”

“ஆமாம், குனிஞ்சாங்க” என்றாள் இடலீனா வருத்தமாக.

டாக்டரின் பார்வை பக்கத்துச் சித்திரத்துக்குப் போனது. குரங்குகளின் கச்சேரி. பெரிய மனிதர்களைக் கேலி செய்ய அந்தக் கால ஓவியர்கள் வரைந்தது. எல்லாக் குரங்குக்கும் டோப்பா, எல்லாவற்றுக்கும் சரிகை. ஒன்று குழல் ஊதியது, ஒன்று பிடில் வாசித்தது, ஒன்று மத்தளம் கொட்டியது.

திடீரென்று அவர் தொடையில் அறைந்துகொண்டு சிரித்தார்.

“அடேயப்பா! பெனடிட்டா, உன் ஆளு இங்க இருக்கான் பாரு! அந்த மத்தளம்!”

பெனடிட்டா பார்த்தாள். நீண்ட மூக்கு, மெல்லிய உதடு, பாதித் தூக்கத்தில் இருப்பது போன்ற கண்கள். அச்சு அசல் ஜெஃபரினோ. அப்பா சொன்னது சரியாகிவிட்டதே என்று அவளுக்கு எரிந்தது.

“ஆமாங்க, என்னை மாதிரிதான் இருக்கு” என்றான் ஜெஃபரினோ.

“நீ வேற சும்மா இரேன்!” அவள் அவன் கையைக் கிள்ளினாள்.

“முகத்துல வம்சம் தெரியும்னு சொன்னேனா இல்லையா?” டாக்டருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “நீ போய் உன் தாத்தாவுக்குக் கீழ நில்லு. நான் என் தாத்தாவுக்குக் கீழ நிக்கறேன். பெனடிட்டா, ஒரு போட்டோ எடு. கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்துல மாட்டணும். கல்யாணம்னு இனி எவன் வந்தாலும் முதல்ல அதைப் பார்க்கட்டும்.”

அவர் குதிரைக்குக் கீழே நின்று தாடையைத் தூக்கினார். ஜெஃபரினோ கையைக் கட்டிக்கொண்டு மத்தளத்துக்குக் கீழே நின்றான். பெனடிட்டா கண் கலங்கி ஒரு படம் எடுத்தாள்.

“நல்லதாப் போச்சு” என்றாள் இடலீனா. “நாளைக்கு ரெண்டு சித்திரத்தையும் கழட்டிடுவாங்க.”

“என் பாட்டனாரை யார் கழட்டறது?”

“பழுது பார்க்கறவங்க. வந்ததுலேர்ந்து அதைத்தான் சொல்ல வர்றேன், நீங்க எங்க விட்டீங்க? அந்தக் காலத்துல லிஸ்பனையே தரைமட்டமாக்கின பெரிய நிலநடுக்கத்துல சுவர் சரிஞ்சு டைல்ஸெல்லாம் கொட்டிடுச்சு. அவசர அவசரமாப் பொறுக்கி ஒட்டினதுல ரெண்டு தலை இடம் மாறிடுச்சு.”

“எந்தத் தலை?”

“மத்தளம் கொட்டறவர்தான் பிரபு, டாக்டர். குதிரை மேல இருக்கறது குரங்கு.”