மூன்றாம் முறை கழற்றியபோது

“துடைக்குது எண்டுறியள். துடைக்குதில்லை எண்டும் சொல்லுறியள். நான் எதையப்பா நம்புறது?”

“ரண்டையும் நம்பும். வைப்பர் போகுது, வருது. கண்ணாடிதான் தெளியுதில்லை.”

சாரதி இருக்கையில் இருந்தபடியே றோய் சொன்னான். தூக்கி நிறுத்திய கார்ப் பொனற்றுக்குப் பக்கத்தில் குனிந்து நின்ற றஜிதாவுக்குப் புருஷனின் முகம் தெரியவில்லை. குரல் மட்டும்தான் வந்தது.

குருநகரில் இருந்து ஐந்து பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போவது, ஒன்றரைக்குப் போய்த் திருப்பிக் கூட்டிவருவது. அதுதான் றோயின் தொழில். வீட்டில் அடுப்பு எரிவது இந்தக் காரால்தான். கார்த்திகை மழை தொடங்கி ஒரு கிழமை ஆகிறது. வைப்பர் பிழை என்ற கதை தொடங்கியும் அதே ஒரு கிழமைதான்.

முதல் தரம் றஜிதா புது றப்பர் வாங்கிப் போட்டாள். இரண்டாம் தரம் மோட்டரில் இருந்து கம்பிவரை எல்லாவற்றையும் கழற்றி, துருவேறிய உப்புக் கறளைச் சுரண்டி, தேய்ந்த புஸ்ஸை மாற்றி, கிறீஸ் பூசிப் பூட்டினாள். கரையில் கடல் எஞ்சின் திருத்துகிறவரின் மகள் அவள். நட்டும் போல்ற்றும் அவள் சின்ன வயதில் விளையாடிய சாமான்கள்.

பூட்டிய கையோடு ஒரு வாளி தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்தாள். வாழையிலையைத் துடைத்துப் போட்டதுபோல வைப்பர் சுத்தமாகத் துடைத்தது. அவள் தன் கண்ணாலேயே கண்டாள். ஆனால் பின்னேரம் றோய் வந்து, “அதே கதைதான், றஜி” என்றான்.

அவளுக்குத் தலை சுற்றியது. வீட்டு வளவுக்குள் ஒழுங்காக ஓடுகிற வைப்பர் றோட்டுக்குப் போனதும் ஏன் பிழைக்கிறது?

“வீட்டிலை நல்ல பிள்ளை, வெளியிலை குழப்படி” என்று இப்போதும் முணுமுணுத்தாள். “ஆரைப் போலை எண்டு எனக்குத் தெரியும்.”

“காரைத்தானே சொல்லுறீர்?”

“காரையும்தான். அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்துத் தாங்கோ.”

ஜன்னலால் ஒரு கை நீண்டது.

“இது பன்னிரண்டு! பத்தெண்டால் பன்னிரண்டைத் தாறியள். பள்ளிக்கூடத்திலை கணக்கு எப்பிடி?”

“கணக்கு வந்திருந்தால் நான் ஏனப்பா கார் ஓடுறன்?”

இருவரும் சிரித்தார்கள். றஜிதாவின் சிரிப்புத்தான் முதலில் நின்றது. நேற்று மழைக்குள் திருப்பத்தில் வந்த ஒரு சைக்கிளைக் கடைசி நேரத்தில்தான் கண்டதாகவும், பிறேக் அடித்ததில் காரில் இருந்த பிள்ளைகளில் ஒன்றான கிறிஸ்ரினாவின் மகளுக்கு நெற்றி வீங்கியதாகவும் றோய் சொல்லியிருந்தான். வைப்பர் துடைத்திருந்தால் முன்னமே கண்டிருப்பானாம்.

மூன்றாம் முறையாகக் கழற்றி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். புஸ் இறுக்கம். கம்பியில் ஆட்டம் இல்லை. மோட்டரில் சூடு இல்லை. எங்கே பிழை? ஒரு பிழையாவது அகப்பட்டிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

கைபேசி அடித்தது. கிறிஸ்ரினாவேதான். றோய் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

“றோய் அண்ணை, வானம் இருட்டிக்கொண்டு வருது. வைப்பர் சரிவராட்டி இப்பவே சொல்லுங்கோ. நான் போய்ப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாறன். நாளையிலை இருந்து வேறை பள்ளிக்கூட வானும் கதைச்சு வைச்சிருக்கிறம். நான் மட்டுமில்லை, மற்ற வீட்டுக்காரரும்தான்.”

“ஐயோ தங்கச்சி, வேலை முடியுது. லைனிலையே நில்லும், வைப்பரைப் போட்டுப் பாத்திட்டுச் சொல்லுறன்.”

றஜிதாவின் கை வேகமெடுத்தது. வேறு வான் என்றால் அந்த ஐந்து பிள்ளைகளும் திரும்பி வரப்போவதில்லை. கடைசி போல்ற்றை அவள் இறுக்கும்போது மழை தொடங்கிவிட்டது. பெரிய பெரிய துளிகள். கண்ணாடி நிமிடத்தில் நனைந்து வழிந்தது.

“ஒருக்காப் போடுங்கோ” என்றாள். “சத்தம் எப்பிடியெண்டு கேப்பம்.”

கார்த் திறப்பைத் திருப்பிய சத்தம் கேட்டது, வைப்பர் சுவிச் விழுந்தது. மோட்டர் உறுமத் தொடங்கியது. காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டாள். சீரான சத்தம். ஒரு முனகல்கூட இல்லை.

“ஆகா! றஜி, நீர் விண்ணிதான்!” உள்ளே இருந்து றோய் கத்தினான். “இப்பத்தான் துடைக்குது! ஒரு துளி தண்ணி நிக்குதில்லை, கண்ணாடி பளிச்செண்டு கிடக்கு. வலப்பக்கத்தது மட்டும் கொஞ்சம் மெதுவாப் போகுது, என்ன?” பிறகு கைபேசியிடம், “கேட்டனீரே தங்கச்சி? ஒன்றரைக்கு டாண் எண்டு பள்ளிக்கூட வாசலிலை நிப்பன்.”

றஜிதா பொனற்றை மெல்ல இறக்கினாள்.

காலையில் இருந்து இப்போதுதான் அவன் முகத்தை நேரே பார்க்கிறாள். மழை வழிகிற கண்ணாடிக்கு அப்பால், அவளுக்குக் கொஞ்சம் தள்ளி எதையோ பார்த்து, அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

பூட்டுவதற்காக எடுத்த வைப்பர் தண்டுகள் இரண்டும் இன்னும் அவள் கையிலேயே இருந்தன.

“இஞ்சாருங்கோ,” ஜன்னலடிக்குப் போய், தண்டுகளைப் பிடிக்காத மற்றக் கையை நீட்டினாள். “கார்த் திறப்பைக் கழட்டி என்னட்டைத் தாங்கோ.”