முப்பது கையெழுத்து

சமூக சேவைத் திட்டம் நடத்தும் மாணவருக்கு டிரஸ்ட் தரும் கல்லூரி உதவித்தொகை தனசேகருக்குப் போய்விட்டது.

நசரத்பேட்டைப் பெண்களுக்கு ஆறு மாதம் தொண்டைத் தண்ணீர் வற்ற மாலை எழுத்தறிவு வகுப்பு நடத்தியவள் வஹீதுன்னிசா. கூடப் படித்த தனசேகர் கரும்பலகை தூக்கி வந்ததோடு சரி.

"வகுப்பு நடத்துனது தம்பிதான்னு முப்பது பேர் கையெழுத்து போட்டிருக்காங்களேம்மா," என்று டிரஸ்ட்காரர் தாளைக் காட்டினார்.

முதல் கையெழுத்தே வகுப்புக்கு வரும் குப்பம்மாவுடையது. வஹீதுன்னிசா நேரே அவள் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"ஏன்க்கா எனக்கு இப்படிப் பண்ணீங்க?"

"இன்னா பண்ணோம் கண்ணு? உனுக்குக் காலேஜ் பணம் கெடைக்கும்னு அந்தப் புள்ளதான் தாள நீட்டுச்சு. ஒருத்தியும் ரேகை வெக்கல, அல்லாரும் கையெழுத்துதான்."

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாக்கலையா?"

"பேரு எழுதத்தானே கத்துக்குடுத்த? படிக்க எங்க கண்ணு சொல்லிக்குடுத்த?"